9999க்கு வந்த வினை

என்னடா பேராண்டி, புது புல்லட்டுக்கு 9999 வாங்கிட்டியாமே? எண் கணித ஜோசியர் கை காட்டினாரு, கேட்ட காசைக் கட்டி எடுத்தேங்கிற. நல்லது. அந்தக் காசுக்கு ஒரு எருமை பிடிச்சிருந்தா பாலாவது பீச்சிருக்கலாம். போகட்டும், உன் காசு.

அந்த நம்பரோட சக்தியை ஒரு தடவை சோதிச்சுப் பாத்துருவோமா? மூணாங்கிளாஸ் கழித்தல்தான். நாலு இலக்கத்தையும் பெருசுலேர்ந்து சிறுசா எழுது. அதையே சிறுசுலேர்ந்து பெருசா எழுது. முதல்லேர்ந்து ரெண்டாவதைக் கழி. 9999லேர்ந்து 9999 போக? ஏன் முழிக்கிற, சத்தமாச் சொல்லு.

இப்ப என் டிவிஎஸ் 50க்கு வா. ஆபீஸ்ல சும்மா தூக்கிக் கொடுத்த நம்பரு, 3087. 8730லேர்ந்து 0378 போனா 8352. முன்னால நிக்கிற சைபரை விட்றாத, அதுவும் ஒரு ஆளுதான். அடுத்து 8532லேர்ந்து 2358 போனா 6174. இன்னும் கழி. 7641லேர்ந்து 1467 போனா மறுபடியும் 6174. விடிய விடியக் கழிச்சாலும் அந்த இடத்தை விட்டு நகராது.

என் வண்டிக்கு மட்டும் அடிச்ச யோகம்னு நினைக்காத. 0000லேர்ந்து 9999 வரைக்கும் பத்தாயிரம் நம்பர்ல, நாலும் ஒரே இலக்கமா இருக்கிற பத்தைத் தள்ளிட்டா மிச்சம் 9990ம் ஏழு கழித்தலுக்குள்ள 6174ல வந்து விழுந்துரும். தள்ளின பத்துல ஒண்ணைத்தான் நீ தேடிப் பிடிச்சுக் காசு கட்டியிருக்க. கெட்டிக்காரன்டா!

இதைக் கண்டுபிடிச்சவரு நாசிக் பக்கம் தேவளாலியில பள்ளிக்கூட வாத்தியார், டி. ஆர். கப்ரேக்கர். பெரிய பட்டமெல்லாம் கிடையாது, எண்ணுன்னா பித்து, அவ்வளவுதான். 1949ல நம்ம சென்னையில நடந்த கணித மாநாட்டுலதான் இதைச் சொன்னாரு. 1975ல மார்ட்டின் கார்ட்னர்ங்கிற அமெரிக்காக்காரர் பத்திரிகையில எழுதின பிறகுதான் அவர் பேரு ஊரு உலகமெல்லாம் பரவுச்சு. வாத்தியாரை நம்ம மேதைங்க மதிக்கவும் வெளிநாட்டுல இருந்து ஆள் வர வேண்டியிருக்கு பாரு.

மாயம் ஒண்ணும் இல்லடா. பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல பெருக்கு. நடுவுல நிக்கிற ரெண்டுக்கும் உள்ளதை 90ஆல பெருக்கு. ரெண்டையும் கூட்டினா முதல் கழித்தலோட விடை. அதனால அந்த 9990 நம்பரும் ஒரே கழித்தல்ல வெறும் 54 விடைக்குள்ள அடங்கிரும். அத்தனையும் 9ஆல வகுபடும். அப்புறம் எங்க ஓடும்?

மூணு இலக்கத்துக்கு 495ன்னு ஒரு இடம் இருக்கு. ரெண்டு இலக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. 9, 81, 63, 27, 45, திரும்ப 9ன்னு செக்குமாடு கணக்காச் சுத்தும்.

6174ஓட இலக்கத்தையெல்லாம் கூட்டு, 18. அந்தப் பதினெட்டையும் அதோட வர்க்கத்தையும் கனத்தையும் கூட்டு. 18, 324, 5832. வந்துச்சா 6174? உன் ஜோசியர் காதுல விழுந்தா ஃபீசை ஏத்திருவாரு, மூச்சு விடாத. என் டிவிஎஸ் நம்பரு அதுல சரிபாதிங்கிறதையும் சொல்லித் தொலைக்காத.

பேசாம ஒண்ணு பண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நீயே ஒரு போர்டு மாட்டு. வர்றவனை நாலு இலக்கம் நினைக்கச் சொல்லிக் கழிக்க விடு. விடையை முன்னாடியே சீட்டுல எழுதி மடிச்சு வச்சுக்க, ஒரே சீட்டு ஆயுசுக்கும் போதும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியுமான்னு மட்டும் முதல்லயே கேட்டுரு. கடன் வாங்குறதுல நம்மாளுங்க சூரனுங்க, கழிக்கிறப்பதான் கோட்டை விடுவானுங்க.