கென்டக்கி சுற்றி வந்த கருணை

இணையத்தில் வெளிநாட்டுப் பொருள் வாங்குகிறவர்களை இப்படித் தாங்கிப் பிடிக்க ஒரு திட்டம் வரும் என்று 2012க்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். அந்த ஆண்டில்தான் ஈபே என்ற இணையச் சந்தை தன் உலகளாவிய அனுப்புதல் திட்டத்தை அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த அவல நிலையை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அமெரிக்காவில் விற்பவர் பொட்டலத்தைத் தபால் நிலையத்தில் கொடுப்பார். அது பாட்டுக்குக் கனடா போய்ச் சேரும். மதிப்பு 20 கனடிய டாலருக்குள் என்றால் வரியே கிடையாது. அதைத் தாண்டினாலும், சின்னப் பொட்டலம் என்றால் சுங்கத்தார் பல நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். எப்போதாவது கண்ணில் பட்டுவிட்டால் வரியோடு சேர்த்துத் தபால் துறைக்கு ஒரு கையாளும் கூலி. பிரிட்டன் என்றால் ராயல் மெயிலுக்கு 8 பவுண்டு. கட்ட வேண்டி வருமா, வராதா என்ற திகிலிலேயே ஒரு தலைமுறை வாழ்ந்து தீர்த்தது.

திட்டம் வந்தது, திகில் போயிற்று. வருமா வராதா என்ற கேள்விக்கே இடமில்லாமல், பணம் கட்டும் பக்கத்திலேயே 'இறக்குமதிக் கட்டணம்' என்று ஒரே வரியில் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். அதிர்ஷ்டத்தை நம்பி வாழும் கெட்ட பழக்கத்திலிருந்து ஒரு சமூகத்தையே மீட்பது லேசான காரியமா?

அந்த ஒற்றை வரியின் அழகைத் தனியாகப் பாராட்ட வேண்டும். சுங்க வரி, விற்பனை வரி, சுங்கத் தரகுக் கூலி, இன்ன பிற எல்லாம் அதற்குள் அடக்கம். கூட்டுக் குடும்பத்துச் சாப்பாட்டுச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று கேட்பது நாகரிகமா? இங்கும் அப்படித்தான். ஒருவர் பழைய புத்தகம் வாங்குகிறார் என்று வையுங்கள். அச்சுப் புத்தகத்துக்குக் கனடாவில் சுங்க வரி இல்லை. மத்திய அரசின் 5 சதவீத வரி மட்டும்தான். பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரிகூடப் பூஜ்யம். பிறகு அந்த வரியில் மீதி என்ன இருந்தது? அன்பு இருந்தது. அன்புக்கு ரசீது கேட்கக் கூடாது.

அடுத்தது, அவர்கள் ஊட்டிய பூகோள அறிவு. டெட்ராய்ட் நகரின் நடுவில் நின்று தெற்கே பார்த்தால், ஆற்றுக்கு அக்கரையில் தெரிவது கனடாவின் வின்ட்சர். இரண்டையும் இணைக்கும் அம்பாசடர் பாலம் 1929லேயே திறந்தாயிற்று. காரில் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. டெட்ராய்டில் ஒருவர் விற்கும் தையல் மெஷின் பாபின் கேஸை வின்ட்சரில் ஒருவர் வாங்கினால், பழைய முறையில் அது எல்லையைச் சட்டென்று தாண்டி ஒரு அனுபவமும் இல்லாமல் வீடு சேர்ந்துவிடும். திட்டம் அப்படி விட்டுவிடவில்லை. பாபின் கேஸை முதலில் தெற்கே, கென்டக்கி மாநிலத்து எர்லாங்கர் என்ற ஊருக்கு, 400 கிலோமீட்டருக்கு மேல் அழைத்துப் போனது. அங்கே இளைப்பாறி, புது லேபிள் ஒட்டிக்கொண்டு, மறுபடி வடக்கே புறப்படும். இந்தத் தீர்த்த யாத்திரைக்கு அமெரிக்காவுக்குள் ஒரு தபால் செலவு, எல்லை தாண்ட இன்னொரு செலவு, மேலே சொன்ன அன்பு ஒன்று. மூன்றும் சேர்ந்து பாபின் கேஸின் விலையைத் தாண்டிவிட்டால் அது பாபின் கேஸின் குற்றம். இவ்வளவு மலிவாகப் பிறக்கச் சொல்லி யார் கேட்டது?

(நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கத் தபால் துறையும் ஒன்றும் குறைந்ததல்ல. வெளிநாட்டுக்குப் போகும் கடித உறைக்குள் சாமான் வைக்கக் கூடாது என்று 2018 ஜனவரியில் விதி போட்டது. சின்ன உதிரிப் பாகமும் அதோடு பார்சல் அந்தஸ்து பெற்றுவிட்டது. ஆனால் ஈபே அளவுக்குக் கலைநயம் அதற்குக் கிடையாது.)

எர்லாங்கரில் நடந்தது வெறும் லேபிள் மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் பெட்டியைத் திறந்து பார்க்கவும், வேறு பெட்டியில் மாற்றிக் கட்டவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. விற்பவர் பாவம், பழைய பீங்கான் குவளையைச் செய்தித்தாளில் ஒன்பது சுற்றுச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, டேப்பும் கையுமாக ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்திருப்பார். அந்த உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போகலாமா? திறந்து பார்த்தார்கள். பார்த்ததைத் திரும்ப அதே மாதிரி கட்டுவது எல்லாருக்கும் வரும் கலையல்ல.

ஆனால் நான் எழுந்து நின்று கும்பிடுவது இதற்கெல்லாம் இல்லை. பொறுப்பு என்ற பாரத்தை அவர்கள் இறக்கி வைத்த விதத்துக்குத்தான். பொட்டலம் எர்லாங்கர் வாசலைத் தொட்டதும் விற்றவரின் கடமை முடிந்தது. அதன் பிறகு உடைந்தாலும் தொலைந்தாலும் அவரைக் கேட்க முடியாது. வாங்கியவர் கோபத்தில் மோசமான மதிப்புரை எழுதினால், தவறு அனுப்புதலில்தான் என்று அதை நீக்கிவிடுவார்கள். அப்படியானால் சரக்கைச் சுமந்தவரைக் கேட்கலாமா? சுமந்தவர் பிட்னி போவ்ஸ் என்ற தனி நிறுவனம். ஈபேயில் வாங்குவதாக நினைத்துப் பொத்தானை அழுத்தியவர், எல்லை தாண்டும் பயணத்துக்கு அந்த நிறுவனத்தோடு தனியாக ஓர் ஒப்பந்தமும் செய்திருக்கிறார் என்பது விதிமுறைகளைப் படித்தால்தான் தெரியும். சந்தை நடத்துபவர் வெறும் சந்தை, விற்றவர் வாசல் வரைக்கும், சுமந்தவர் விதிமுறை வரைக்கும். இத்தனை பேர் நிம்மதியாகத் தூங்க ஒரே ஒருவர் விழித்திருந்தால் போதும் என்று கண்டுபிடித்த மூளைக்கு ஏதாவது விருது தர வேண்டும்.

பல விற்பனையாளர்களுக்குத் தாங்கள் இந்தத் திட்டத்தில் இருப்பதே தெரியாது. கேட்காமலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். தபாலில் குறைந்த செலவில் அனுப்பக் கூடாதா என்று ஒருவர் எழுதிக் கேட்டால், என் பொருள் வெளிநாட்டுக்குப் போகிறதா என்று விற்பவர் வியந்து பதில் போடுவார். இரண்டு அந்நியர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆச்சரியப்படும் வாய்ப்பு வேறு எந்த வணிகத்தில் கிடைக்கும்?

பிட்னி போவ்ஸ் சாதாரண நிறுவனமில்லை. தபால் தலை ஒட்டாமல் மெஷினில் முத்திரை குத்தும் முறைக்கு 1920ல் அமெரிக்கத் தபால் துறையிடம் அனுமதி வாங்கிப் பிறந்தது. தபாலைச் சுலபமாக்கித் தொடங்கிய பயணம் எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள். அதன் உலக வணிகப் பிரிவு 2024 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே, 2022ல், ஈபே இந்தத் திருப்பணியைத் தன் பெயரிலேயே நடத்தத் தொடங்கியிருந்தது. இப்போது பொட்டலங்கள் போவது சிகாகோவை அடுத்த ஒரு கிடங்குக்கு. வின்ட்சர்காரருக்குத் தெற்குத் திசை மனப்பாடம் ஆகிவிட்டது. இனி மேற்கைப் படிக்கலாம்.

புது ஏற்பாட்டில் திருப்பி அனுப்புவது இன்னும் மேன்மையானது. வாங்கியவர் பொருளைத் திருப்பினால் அது விற்றவரிடம் போகாது. விற்றவர் பணத்தை வைத்துக்கொள்ளலாம். வாங்கியவருக்கும் பணம் திரும்பும். பொருள்? அது கிடங்குக்கே சொந்தம். உலகத்தில் நாலே நாலு மிச்சமிருக்கும் இசைத்தட்டாக இருந்தாலும் சரி, அதை இத்தனை நாள் பொத்திப் பாதுகாத்தவருக்கும் கிடையாது, தேடி அலைந்தவருக்கும் கிடையாது. பணம் வந்துவிட்டதே, இன்னும் என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கும் பெருந்தன்மை, பற்றறுத்த ஞானிகளுக்கே வாய்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நன்றி கெட்ட சிலர் இருக்கிறார்கள். ஏலம் கேட்பதற்கு முன்பே விற்பவருக்கு எழுதி, திட்டத்திலிருந்து விலகி நேரடித் தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். விற்பவரும் சில நேரம் சம்மதித்துவிடுகிறார். பொட்டலம் கட்டியவர் கட்டியபடியே, ஒன்பது சுற்றுச் செய்தித்தாளோடு வந்து சேர்கிறது. உடைந்திருந்தால் யாரிடம் கேட்பது என்றுகூட அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.