மனு சார்

மனு சாருக்கு இரண்டாவது காபி வேண்டுமென்றால் சமையலறைப் பக்கம் திரும்பி இப்படிக் கேட்பார்: "பொருள்: காபி. பார்வை: காலை ஏழு மணிக்குத் தாங்கள் கொடுத்த வாக்குறுதி." உள்ளேயிருந்து மனைவியின் பதில் வரும்: "பரிசீலனையில இருக்கு." அந்த அம்மாள் ஒருநாளும் ஆபீஸ் வேலைக்குப் போனவரல்ல. ஆனால் ஒரு மனுவை ஆறப்போடுவதில் எந்தத் தாலுகா ஆபீஸும் அவரிடம் பாடம் கேட்கலாம்.

மனு என்றதும் சாஸ்திரத்தை நினைத்துவிடாதீர்கள். இது முழு வெள்ளைத்தாள், இடப்பக்கம் மார்ஜினுக்கு ஒரு மடிப்பு, அனுப்புநர், பெறுநர், 'மதிப்பிற்குரிய ஐயா' வகையறா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. சேலத்தில், பிருந்தாவன் ரோட்டிலிருந்து அழகாபுரம் வரை அவர் மனு சார்தான். வயது எழுபத்திரண்டு. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் முகம் சிவந்துவிடும். "எனக்கெதுக்குங்க? வயசானவங்க யாராச்சும் வந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து ரோடு வரை ஆடிக்கொண்டே வருவார்.

ஃபேர்லேண்ட்ஸ் அவருக்கென்றே அமைந்த ஏரியா. தோட்டம் விட்டுக் கட்டிய வீடுகள். பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட, கீழ் வீட்டில் இரண்டு பெரியவர்களும் மாடியில் ஒரு வாட்டர் ஹீட்டரும் மிச்சம். எதிர்வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது, பக்கத்து வீடு ஸ்கேன் சென்டர், அதற்கடுத்தது மருந்துக்கடை. வயசானவர்களுக்கு இதைவிடத் தோதான இடமில்லை என்பார் வீட்டுப் புரோக்கர். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க கேட்டுக்கு முன்னாடி காரை நிறுத்திடறாங்க. வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை வெளிய எடுக்க முடியலைங்க" என்று மனு சார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ராஜாஜி 1917 முதல் 1919 வரை நகராட்சி சேர்மனாக இருந்த ஊர் என்பதையும் அதில் சேர்த்திருந்தார். அவர் எந்த மனுவிலும் ராஜாஜியைச் சேர்க்காமல் விட்டதில்லை. சாக்கடை அடைப்பு மனுவிலும் உண்டு.

நவம்பர் மாதம் அவருக்குத் திருவிழா. மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டிய மாதம். (எண்பதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். உயிரை அவ்வளவு நாள் நம்ப முடியாது என்று டெல்லியில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.) 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தது, விரலை வைத்தால் போதும் என்றார்கள். ஐம்பது வருஷம் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டியின் பத்து விரலையும் மெஷின் தள்ளிவிட்டது. "அம்மா உயிரோடதாங்க இருக்காங்க, இப்பத்தான் தட்டுவடை செட் சாப்பிட்டாங்க" என்று மனு சார் சாட்சி சொன்னார். மெஷின் தட்டுவடையை ஆதாரமாக ஏற்கவில்லை. 2021-ல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்ததும் அதே பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, செல்போனை நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றார். பாட்டி அசையவில்லை. "இந்த வயசுல நான் யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறது? எங்க வீட்டுக்காரரு இருந்தப்பவே அடிச்சதில்லையே தம்பி." முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கொசு வந்து மத்திய அரசுக்கு உதவி செய்தது.

அரசுப் பென்ஷனில் எண்பது முடிந்தால் இருபது சதவீதம் கூடுதல். எண்பத்தைந்துக்கு முப்பது, தொண்ணூறுக்கு நாற்பது, தொண்ணூற்றைந்துக்கு ஐம்பது, நூறு முடிந்தால் அடிப்படைப் பென்ஷன் அப்படியே இரட்டிப்பு. ஏரியாக்காரர்கள் பிறந்த தேதியெல்லாம் மனு சாரின் நோட்டில் இருக்கிறது. சதாபிஷேகத்துக்கு எல்லாரும் பழத்தட்டோடு போவார்கள். அவர் பூர்த்தி செய்த விண்ணப்பத்தோடு போவார், பெரியவர் மாலையும் கழுத்துமாகவே கையெழுத்துப் போட வேண்டியதுதான். எழுபத்தொன்பதே முக்காலில் ஒருவர் காலமானபோது துக்கம் கேட்கப் போன இடத்தில், "மூணு மாசம் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர்கள் பாசத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். பாசமும்தான்.

இந்த ஏணியெல்லாம் அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்கு. மில்லில் முப்பது வருஷம் நின்று தேய்ந்தவர், இப்போது இதே தெருவில் ராத்திரி வாட்ச்மேன், அவர் வந்தால் மனு சார் வேறு ஆள். பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். அவருக்கு அதுவே வருகிறது, எண்பதானாலும் அதேதான். அந்த மனுவை எழுதும்போது ராஜாஜியும் வருவதில்லை, ஜோக்கும் வருவதில்லை. கார்பன் வைத்து இரண்டு பிரதி, முடிந்ததும் காபி. அந்தக் காபி மட்டும் பரிசீலனைக்குப் போகாமல் உடனே வந்துவிடும்.

தீராத பகைகள் அவருக்கு மூன்று. ஒன்று ரயில்வே. ஆண்களுக்கு நாற்பது சதவீதமும் பெண்களுக்கு ஐம்பதும் இருந்த முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். "கொரோனா போயிருச்சு, சலுகை ஏன் வரலை?" என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் கேட்கப் போனார். ரயில்வேயில் அந்த ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வேண்டும் என்று திரும்பி வந்தது. பகை இரட்டிப்பானது. அடுத்தது சென்னை. அங்கே அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் பஸ்ஸில் மாதம் பத்து டோக்கன் இலவசம், 2016 முதல். "மெட்ராஸ்ல இருக்கறவனுக்குத்தான் மூட்டு வலிக்குமா?" என்பது மனு சாரின் கேள்வி, சேலத்துக்காரன் என்ற முறையில் எனக்கும் அதே கேள்விதான். மூன்றாவது தபால்துறை. 2025-ல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் வாக்கிங் வரவில்லை. தீட்டு என்று நினைத்தோம்.

இவ்வளவு எழுதுகிறவர் ஒரு மனு பலித்துவிட்டால் ஒடிந்துபோவார். தெருவிளக்கு எரிந்த அன்று அதன் அடியில் நின்றபடி, "வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளா இல்லைங்க?" என்றார்.

அவருக்கு மிகவும் பிடித்த சட்டம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியரின் தீர்ப்பாயம், தொண்ணூறு நாளில் முடிவு, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கவும் வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினேழாவது பிரிவு: வக்கீலுக்கு இடமில்லை. பி.எல். சேர ஆசைப்பட்டு வீட்டில் விடாத மனிதருக்கு அந்தப் பிரிவைப் படித்த அன்று தூக்கம் வரவில்லையாம். கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் வேறு மாதிரி சொல்லியிருக்கிறதே என்றேன். "அது பாலக்காட்டுக்கு அந்தப் பக்கங்க."

இந்தச் சட்டத்தில் அவர் அதிகம் எழுதியிருப்பது ஒரே அம்மாளுக்கு. கைத்தடியோடு வருவார், திண்ணையில் உட்காருவார். மனு சார் தாளை மடிப்பார். மகன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது, மாடி ரூமைப் பூட்டியது, போனில் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்தது எல்லாம் வரிசையாக வரும். அவர் சொல்லச் சொல்ல மனு சார் எழுதுவார், நடுவில் இரண்டு முறை மூக்கைச் சிந்துவார் (மனு சார்தான்). கடைசியில் பேனாவை நிறுத்துவார்.

"எதிர்மனுதாரர் பேரு சொல்லுங்கக்கா."

"அவன் பேரைப் போடாதீங்க தம்பி."

"பேரில்லாம எப்படிங்கக்கா குடுக்கறது?"

"கவர்மென்ட் காயிதத்துல அவன் பேரு ஏறக் கூடாது. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

போன வாரமும் வந்தார். இது ஏழாவது தடவை. மனு சார் பழைய பிரதி எதையும் எடுக்கவில்லை. புதுத் தாளை மடித்து, முதலிலிருந்து கேட்டு, முதலிலிருந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தாளை வாங்கி நாலாக மடித்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

"போன தடவைக்கு இது நல்லா வந்திருக்குது தம்பி" என்று தடியை ஊன்றி எழுந்தார். "வர்ற புதன்கிழமை வீட்ல இருப்பீங்கல்ல?"