திரும்பிப் பார்த்தால் ஆளில்லை

கேள்வி: கபடி ஆடும்போது குதிகாலில் யாரோ உதைத்த மாதிரி ‘பட்’டென்றது. திரும்பினால் ஆளே இல்லை! தசைநாண் முழுதாக அறுந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆபரேஷன் இல்லாமல் சேருமா?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: சேரும். உங்களை அவுட்டாக்கியது எதிரணி அல்ல, உங்கள் குதிகாலேதான்! நார்வேயில் இப்படி நாண் அறுந்த 526 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கத்தி பட்டவர்களும் படாதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். ஆனால் ஆபரேஷன் செய்யாதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மறுபடி அறுந்தது; செய்தவர்களில் ஒருவருக்கும் குறைவு. நரம்பில் காயம்பட்டது ஆபரேஷன் செய்தவர்களுக்கே அதிகம்.

எதுவானாலும் உடனே தொடங்குங்கள். விரல் நுனி தரையைப் பார்க்கும்படி பாதத்தைச் சாய்த்து பூட்ஸ் போடுவார்கள். குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் இருக்கும். அறுந்த முனைகள் ஒட்ட ஒட்ட, அவற்றை ஒவ்வொன்றாக உருவுவார்கள். அதற்குள் எண்ணெய் போட்டு நீவ மட்டும் விடாதீர்கள்!

மேடு ஏறும்போதுதான் அந்த நாண் அதிகம் இழுபடும். உங்கள் ஊரோ மேடும் சரிவும். சாமைக் கொல்லைக்குப் போவது கடைசியில்தான். பிசியோதெரபிக்கு ஒவ்வொரு முறையும் மலை இறங்க வேண்டுமா? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கட்டாக இருக்கலாம்; உடனே ஆஸ்பத்திரி.

கபடியா? கிரிக்கெட் வீரர் முகமது ஷமி 2024 பிப்ரவரியில் குதிகால் ஆபரேஷன் செய்துகொண்டு, நவம்பரில்தான் ரஞ்சியில் பந்து வீசினார். பொங்கல் போட்டிக்குத் தாராளமாகப் பெயர் கொடுங்கள். வருகிற பொங்கலுக்கு அல்ல, அதற்கடுத்த பொங்கலுக்கு!