ஊசி நுழையுமா?

எம்ப்ராய்டரி தெரிந்த பெண்களில் இரண்டு ரகம் உண்டு. தலையணை உறை, கைக்குட்டை என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு ரகம். எதைப் பார்த்தாலும் "இதில் ஊசி நுழையுமா?" என்று பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்பது எங்கள் வீதிக்கே தெரியும். ஜன்னல் சொல்லிவிடும்.

ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம். ஸ்ரீரங்கத்தில் கொசுவுக்கு என்ன குறைச்சல்? எல்லா ஜன்னலிலும் நைலான் வலை. குறுக்குத் தையலுக்குத் தேவை சமமான கட்டங்கள். அவை ஜன்னல் முழுக்க இருக்கும்போது மேட்டித் துணிக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? ஆண்டாளின் கிளியை அதில் தைத்தேன். உள்ளே இருந்து பார்த்தால் கிளி. வீதியிலிருந்து பார்த்தால் கிளியின் குடல். "என்ன மாமி, ஜன்னல்ல ஒட்டடை?" என்றாள் பூக்காரி.

நீலகிரித் தோடர் பெண்கள் சட்டம் மாட்டாமல், இழைகளை விரலால் எண்ணி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் வெளியே காட்டலாம். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. என் கிளிக்குக் கிடைத்தது ஒட்டடைக் குறியீடு.

அடுத்தது கோரைப் பாய். முசிறிப் பாய் என்றால் எங்கள் பக்கத்தில் மதிப்பு. கோரைக்குள் குத்தினால் பிளந்துவிடும். இரண்டு கோரைக்கு நடுவே கோணி ஊசியை விட வேண்டும். நூலை இறுக்கவும் கூடாது. ஓரத்தில் காம்புத் தையல், நடுவில் பிரெஞ்சு முடிச்சாலேயே ஒரு தாமரை. அதன்மேல் மத்தியானம் படுத்து எழுந்த என் கணவரின் முதுகில் தாமரை அச்சாக இறங்கியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக நான் துணியில்கூடப் போட்டதில்லை. அவர் மட்டும் ரசிக்கவில்லை.

இதிலெல்லாம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெய்த துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டுதான் போகிறது. தையலைப் பிரித்து, நகத்தால் நீவிவிட்டால் இழைகள் பழையபடி சேர்ந்துகொள்ளும். இலை, தோல், காகிதத்திலோ விழுந்த துளை விழுந்ததுதான். ஒரே குத்தில் சரியாகக் குத்த வேண்டும்.

ஊசியே நுழையாத பொருளையும் மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் கோயில் பெரிய பெருமாள் சாற்றிக்கொள்ளும் முத்தங்கியில் முத்துக்குத் துளை போட்ட பிறகுதானே நூலுக்கு வழி? 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் பொன்வண்டின் இறக்கை ஓடுகளை மஸ்லினில் வைத்துத் தைத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு விற்றார்கள். 1888-இல் லண்டன் லைசியம் நாடக அரங்கில் லேடி மெக்பெத்தாக நடித்த எல்லன் டெர்ரியின் பச்சை உடையில் மின்னியவையும் வண்டின் இறக்கைகளே. மறு வருஷம் ஓவியர் சார்ஜென்ட் அந்த உடையோடு அவரை ஓவியமாகவே தீட்டிவிட்டார். இதை மாமியாரிடம் ஆசையாகச் சொன்னேன். "பூச்சி றெக்கையெல்லாம் நம்மாத்துக்குள்ள வரப்படாது" என்றார்.

சரியென்று காய்ந்த மந்தார இலைக்கு வந்தேன். சங்கிலித் தையலில் மூன்றாவது கண்ணிக்கே இலை கிழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாமியார் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். "நூலை இழுத்தா கிழியத்தான் கிழியும். தண்ணியைத் தெளி. ஈர்க்கைக் குத்தி வாங்கு, ஒடிச்சு விடு. இழுக்காதே." பேசி முடிப்பதற்குள் இலைகள் சேர்ந்து வட்டமாகச் சாப்பாட்டு இலை தயார். அடியில் ஒரு முடிச்சில்லை, தொங்கும் நூலில்லை. "சின்ன வயசுல கட்டுக் கட்டா தைச்சிருக்கோம். இதுக்கெல்லாம் கிளாஸா வெச்சா?"

மிச்சம் இருந்தது கணவரின் கறுப்புக் குடை. ஓரத்தில் வெள்ளைச் சங்கிலித் தையல் போட்டால் எப்படி இருக்கும்! ஐப்பசி மழைக்கு நடுவே, அவர் பேப்பரில் மூழ்கியிருந்த சமயம் பார்த்து, "ஏன்னா, குடையை எப்போ தரேள்?" என்றேன்.

"தை" என்றார், தலையைத் தூக்காமல்.

தைத்துவிட்டேன். மறுநாள் சாத்தார வீதி வரை போய்த் தோளெல்லாம் நனைந்து வந்தவர், "நான் சொன்னது மாசத்தை!" என்கிறார். அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே?