கண் போடும் மதிப்பெண்

கேள்வி: ஒரு புள்ளிவிவர வரைபடம் பார்ப்பவருக்குப் புரிந்ததா இல்லையா என்பதை, அவர் கண்ணை வைத்தே கணினி கண்டுபிடித்துவிடுமாமே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு நிஜம்தான். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலை மரியாதைக்காக ஆடிவிடும். கண்மணிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. மனக்கணக்கு கடினமாக ஆக, கண்மணி விரிகிறது என்று ஹெஸ், போல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964-லேயே காட்டினார்கள். ஓவியர் ரெப்பினின் ஓர் ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார் ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ். கேள்வி மாற மாற, பார்வை போன பாதையும் மாறியது.

பார்வையைப் பின்தொடரும் இன்றைய கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் படவிட்டு, அதன் பிரதிபலிப்பைக் கொண்டு பார்வை எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறது. வரைபடத்துக்கும் நிறக்குறிப்புக்கும் நடுவே, சாவியைத் தொலைத்தவர் போலக் கண் திரும்பத் திரும்ப அலைந்தால், அது திணறலின் அடையாளமாக இருக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா கொனாட்டி குழுவினர், இத்தகைய தடயங்களை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து, பயனர் குழம்பும் தருணத்தைக் கணிக்கப் பழக்கினார்கள்.

ஆனால் அறை வெளிச்சம் குறைந்தாலும் கண்மணி விரியும். களைப்பும் கணிப்பைக் கலைக்கும். எனவே பார்ப்பவருக்கு மதிப்பெண் போட இதைப் பயன்படுத்தக் கூடாது, வரைந்தவருக்குப் போடலாம். நூறு பேரின் கண்கள் ஒரே மூலையில் திணறினால், மாற்ற வேண்டியது மூக்குக்கண்ணாடியை அல்ல, வரைபடத்தை!