திறப்பு விழாவுக்கு முன்பே

எங்கள் ஊரான பெக்கோக்கில் விமான நிலையம் கிடையாது. ஆகவே இங்கே எந்த விமானியும் வழி தவறியதில்லை. இங்குள்ள செம்பனைத் தோட்டத்தில் எல்லாப் பாதையும் ஒன்றுபோல்தான் இருக்கும், ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கேட்டால் கைகாட்டுவார். பெரிய விமான நிலையங்களில் பலகைதான் மண்டோர். கறுப்பில் மஞ்சள் எழுத்தென்றால் நீங்கள் நிற்கும் பாதை. மஞ்சளில் கறுப்பு எழுத்தென்றால் திரும்ப வேண்டிய பாதை. நள்ளிரவு மழையில் இதை நினைவில் வைக்கத்தான் இரண்டு விமானிகள் போலும்! சாங்கி விமான நிலையத்தில் பரவாயில்லை, முன்னே எரியும் பச்சை விளக்குகளின் பின்னாலேயே போகலாம். 2018 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மாலே போன ஏர் இந்தியா விமானமோ, கட்டி முடியாத புதிய ஓடுபாதையிலேயே இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அமைச்சர் வருமுன்னே ரிப்பன் வெட்டியாயிற்று.