முன்ஜாமீன் மாமா

கம்ப்யூட்டர் கோளாறு என்று போன் செய்கிறவர்கள் கோளாறைச் சொல்வார்கள். இவர் அப்படியல்ல. "மாப்ளே, நான் ஒண்ணுமே பண்ணலை" என்றுதான் ஆரம்பிப்பார். என்ன ஆயிற்று என்பதெல்லாம் அப்புறம். வழக்கே இன்னும் பதிவாகவில்லை. அதற்குள் முன்ஜாமீன் மனு தாக்கல் ஆகிவிடும்.

கூட்டுறவு வங்கியிலோ மின்வாரியத்திலோ கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். விவரம் தெரியாதவர் என்று எடைபோட்டுவிடக் கூடாது. வருமான வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்வார். குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவை எக்ஸலில் பைசா பிசகாமல் வைத்திருப்பார். கம்ப்யூட்டருக்குத் துணி உறை உண்டு. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மானிட்டர் ஓரத்தில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கும். குரோமின் வட்டம் வழக்கமான மூலையில் இருந்தால் நெட் இருக்கிறது. அது இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால் நெட் போய்விட்டது.

மைக்ரோசாப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியிடுவார்கள். நமக்கு அது இரவு பத்தரை. அங்கே குளிர்காலமென்றால் பதினொன்றரை. மாமா அப்போது தூங்கியிருப்பார். ஆகவே மருமகனுக்கு அழைப்பு வருவது புதன்கிழமை காலையில். இவன் போனை சைலன்டில் போட்டும் பார்த்துவிட்டான். பலனில்லை. அடுத்த அழைப்பு அத்தை நம்பரிலிருந்து வரும்.

"என்ன மாமா ஆச்சு?"

"என்னமோ சுத்திக்கிட்டே இருக்கு. முப்பது பெர்சன்ட்டுங்குது. காலையிலேர்ந்து அதே முப்பதுதான்."

"சுத்தட்டும். அணைச்சு மட்டும் வச்சுடாதீங்க."

சற்று நேரம் பேச்சில்லை. "ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுட்டேனேப்பா."

பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது 'பண்ணுவதில்' சேராது. இடி இடிக்கிறதென்று பிளக்கைப் பிடுங்கியது, குறுக்கே வந்த பெட்டிக்கெல்லாம் ஓகே கொடுத்தது, பேரன் எதையோ இறக்கி விளையாடியது, எதுவும் சேராது. அப்டேட் பாதியில் இருக்கும்போது அணைத்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொண்டு, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடும். அதற்கும் அரை மணி, ஒரு மணி ஆகலாம். அந்த நேரத்திலும் திரையில் ஒரு வட்டம் சுற்றும். அதைப் பார்த்து மாமா மறுபடி அணைப்பார்.

ரீஸ்டார்ட் விஷயத்தில் மட்டும் இவரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "ராத்திரி ஷட் டவுன் பண்ணி, சுவிட்சையும் அணைச்சிட்டு, காலையில போட்டிருக்கேன். அதுக்கு மேல என்ன ரீஸ்டார்ட்?" நியாயமான கேள்வி. ஆனால் 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நிரல்களெல்லாம் மூடப்படும். அமைப்பின் உட்கரு மட்டும் அப்போதிருந்த நிலையிலேயே ஒரு கோப்பாக வட்டில் பதிந்துவிடும். காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தக் கோப்பு அங்கேயேதான் கிடக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தினமும் ராத்திரி ஒழுங்காக அணைக்கிற மாமாவின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், கம்ப்யூட்டர் பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் கணக்குக் காட்டும். இதை அவரிடம் விளக்கலாம். விளக்கி முடித்ததும், "அப்ப ஷட் டவுன்னு ஏன் எழுதி வச்சிருக்கான்?" என்பார். மருமகனிடம் பதில் கிடையாது.

பிரிண்டர் கதை வேறு. கடைசியாக எதில் அச்சடித்தோமோ அதையே வழக்கமான பிரிண்டராக விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் வசதி 2015 நவம்பர் அப்டேட்டில் வந்தது. சங்கக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்ப பிடிஎஃப் ஆக்கியிருப்பார் மாமா. மறுநாள் கேஸ் ரசீதுக்குப் பிரின்ட் கொடுத்தால், கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்கும். 'கேஸ்' என்று அடித்து ஓகே கொடுப்பார். காகிதம் வராது. மறுபடி கொடுப்பார், கேஸ்1, கேஸ்2 என்று ஃபோல்டர் நிறையும். செட்டிங்ஸில் அந்த ஒரு பொத்தானை அணைத்தால் தீர்ந்தது. அதற்குள் அவர் பிரிண்டரின் இங்க்கை மாற்றியிருப்பார்.

இவ்வளவும் சொன்னால் பழியெல்லாம் மாமா மேல்தான் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. பல தடவை இவர் சொன்னது அப்பட்டமான நிஜம்.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் சுத்தமாக அழித்துவிட்டது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றி, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பழையது வெறும் நகல், தேவையில்லை என்று அப்டேட் முடிவெடுத்து, உள்ளே இருந்ததோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாளில் அதை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி வெளியிட்டது. புகார் செய்தவர்கள் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குதான் என்று விளக்கமும் வந்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அந்தப் பங்குக்குள் போயிருந்தால் அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

2020 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. கம்ப்யூட்டரைப் போட்டால் டெஸ்க்டாப் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அழிந்திருக்காது, விண்டோஸ் ஒரு தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டிருக்கும். கோப்புகள் பெயர் மாறிய வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

2024 ஜனவரி அப்டேட்டில் மாமா மறுபடி கணக்கராகவே மாறிவிட்டார். பிழை எண்ணைப் படிக்கச் சொன்னான் மருமகன். "பூஜ்யம் பெருக்கல் எட்டுக் கோடியே எழுபதாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி மூணு" என்றார். பிறகு தாமே, "பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானப்பா?" என்றார். நடுவில் இருந்தது எக்ஸ் என்று புரிய வைப்பதற்குள் மருமகனின் மீட்டிங் ஒன்று போயிற்று. விஷயம் இதுதான்: கோளாறு வந்தால் மீட்டெடுக்க வட்டில் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு, புதிய திருத்தத்துக்கு அதில் இடம் போதவில்லை. வட்டைப் பிரித்து 250 எம்பி சேர்க்கக் கட்டளைகளை வரிசையாக வெளியிட்டு, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்றது மைக்ரோசாப்ட். ஓய்வூதியரிடம் வட்டை வெட்டி ஒட்டச் சொல்வது யாருக்கு உதித்த யோசனையோ.

அதே ஆண்டு ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்று, பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்டன. மகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பும் அதில் ஒன்று. வட்டு பூட்டியிருப்பதே மாமாவுக்கு அன்றுதான் தெரியும். சாவி மகளின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருந்தது. அவள் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். "அந்த நம்பரைச் சொல்லுங்க மாமா, சரியான்னு பார்ப்போம்" என்று மருமகன் கேட்டான். மாமா சொல்ல மறுத்துவிட்டார். போனில் எந்த நம்பர் கேட்டாலும், யார் கேட்டாலும், சொல்லக் கூடாது என்று பாங்கிலிருந்து இத்தனை வருஷமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாலு இலக்க ஓடிபியையே சொல்லாதவர் 48 இலக்கத்தையா சொல்வார்?

பத்தே நாளில் அவருக்கு விடுதலைத் தீர்ப்பு வந்தது. ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. அவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மாமாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த மென்பொருளே அதில் கிடையாது. இருந்தாலும் பேப்பர் செய்தியைக் கத்தரித்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரே வரி: "இவங்களும் ஒண்ணும் பண்ணலை."

ஒரு விஷயத்தில் மட்டும் இவருடைய கூச்சமே இவருக்கு எதிரி. பெரிய அப்டேட் பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழையதுக்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸ் தூக்கிப் போட்டுவிடும். மாமா பதின்மூன்றாம் நாள் கூப்பிடுவார். "உனக்கு வேலை இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

இப்போது வேறு ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இவருடைய கம்ப்யூட்டர் 2015-இல் வாங்கியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லும் டிபிஎம் 2.0-வும் வேண்டும், இதில் அந்தத் தலைமுறைச் சில்லுக்கு வழியில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்கிறார். 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கலாம். செட்டிங்ஸைச் சேமித்து வைக்க ஒப்புக்கொண்டால் காசும் வேண்டாம். ஆனால் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். அந்தக் கணக்கை விண்டோஸ் 10 போட்ட அன்று கடைப் பையன் உண்டாக்கிக் கொடுத்தான், தன் போன் நம்பரைக் கொடுத்து. கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. மாமா போய் விசாரித்தார். கல்லாவில் இருந்தவருக்கு அந்தப் பையனைத் தெரியவில்லை. அரை மணி கழித்து மாமா வீடு திரும்பினார், கையில் இரண்டு சிக்கன் பார்சல்.